தகரச் சீட்டும் தங்கல் இசைவும்

இராமேசுவரம் செல்லும் தொடர்வண்டி பாம்பன் பாலத்தில் ஏறுமுன் நிற்கும் ஊர் மண்டபம். அவ்வூர்க் கடற்கரை மணலில் ஒரு முகாம் இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை நடத்தியது இந்திய அரசன்று, இலங்கை அரசு. தமிழ்மண்ணில் அயலரசு ஒன்றுக்கு முகாம் எதற்கு? தேயிலைக்கும் இரப்பருக்கும் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளோடு அம்மையும் கக்கல் கழிச்சலும் தீவுக்குள் புகுந்துவிடக் கூடாதென்னும் அச்சமும் தோட்ட முதலாளிகளுக்கு இருந்தது. எனவே, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலான பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிக் கொணர்ந்த குடும்பங்களை அங்கே சிலநாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, நோயில்லை எனக் கண்டபின் கப்பலேற்றினர்.

1964-க்குப்பின் அதே முகாமின் வாயில் மறுபுறமாகத் திறந்தது. போனவர்களின் பேரப் பிள்ளைகள் திருப்பியனுப்பப்பட்டு அங்கே வந்திறங்கினர். 1983 சூலைக் கொலைவெறிக்குப்பின் மூன்றாம் முறையாகவும் அது நிரம்பிற்று. முதலில் சென்றோர்க்குக் 'கூலி' என்று பெயர்; அடுத்து வந்தோர்க்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர்; மூன்றாவதாக வந்தோர்க்கு 'அகதி' என்று பெயர். இம்மூன்று பெயர்களுள் ஒன்றையேனும் அம்மக்கள் தாமாக இட்டுக்கொள்ளவில்லை. அரசுகள் இட்டன, இட்ட பெயரைச் சீட்டில் எழுதின, எழுதிய சீட்டைக் கையிற் கொடுத்து, 'இது உள்ளவரை நீ இங்கே இருக்கலாம்' என்றன.

முதற் சீட்டு தாளாகக்கூட இல்லை, தகரமாக இருந்தது. தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த சிறு தகரவில்லை அது. அதனை அணிந்துகொண்ட தொழிலாளியை வழியில் யாரும் பெயர் கேட்கத் தேவையில்லை. வில்லையிலுள்ள எண்ணைப் பார்த்து எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்பினர். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறிற்று. தோட்டம் அதனைத் தொழிலாளியின் கடனில் ஏற்றிற்று. அக்கடன் தீருமட்டும் அவன் வேறு தோட்டம் போக ஏலாது. போவதாயின், அவன் கடன் இவ்வளவென்றும், அதனைத் தீர்ப்போர் அவனைக் கொண்டு போகலாமென்றும் எழுதிய 'துண்டு' வேண்டும். 1921-இல் ஒழிக்கப்படும்வரை இத் துண்டு முறை நடந்தது. வந்த நோக்கம் எதுவென்று தகரத்திலும் துண்டிலும் தெளிவாக இருந்தது: உழைப்பு. எத்தனை ஆண்டு தங்குவாய் என்று மட்டும் அக்காலத்தில் எவனும் கேட்கவில்லை! காடு வெட்டி, மலை சரித்து, தளிர் நட்டு முடியும்வரை தங்கலுக்குக் காலவரையறை வேண்டப்படவில்லை.

வரையறை எப்போது வந்தது? உழைப்பவனுக்கு வாக்கும் உண்டென்று தெரிந்தபோது வந்தது. 1931-இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர்க்கு வாக்குரிமை கிடைத்தது. 1947 தேர்தலில் அவர்கள் தம் ஆட்களையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் அவர்கள் வாக்கு துணை நின்றது. மறு ஆண்டே, 1948-இன் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. தீவில் பிறந்தவன் என்பது போதாது. தந்தையும் தீவிற் பிறந்தவன் எனக் காட்டு. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் எனக் காட்டு என்றது அச்சட்டம். தகரவில்லையில் எண்ணைப் பொறித்தவர்கள் லயத்துக் காம்பராவில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்களா? எழுதாத சான்றைக் கேட்பது சட்டமா, சூழ்ச்சியா?

அதே ஆண்டின் 20-ஆம் எண் குடிவரவு குடியகல்வுச் சட்டம், குடிமகன் அல்லாதான் தீவில் இருக்க வேண்டுமாயின் இசைவுச்சீட்டு வேண்டும் என்றது. இந்தியக் குடிமக்களாய் அங்கே வணிகமும் பணியும் செய்தோர் கையில் 'தற்காலிக வதிவிட அனுமதி' என்னும் தாள் திணிக்கப்பட்டது. (அத்தொடரில் 'வதிவிட' என்பதொன்றே தமிழ் என்பதை இங்கே விட்டுவிடலாம், சொல்லைக் காட்டிலும் பொருள் கொடிது.) எந்நாட்டான், எதற்காக இருக்கின்றான், எந்நாள் வரை இருக்கலாம் என்னும் மூன்று கட்டங்களே அத்தாளில் வாழ்க்கையாயின. வேலை போனால் நோக்கம் போயிற்று. நோக்கம் போனால் இசைவும் போயிற்று. கடையும் கடனும் பிள்ளைகளின் பள்ளியும் இந்தக் கட்டங்களுள் எதிலும் அடங்கவில்லை.

1949-இல் இந்திய, பாக்கித்தானியர்க்கான தனிச்சட்டம் ஒன்று வந்து, இடையறாத ஏழாண்டு வாழ்ந்த மணமானோரும் பத்தாண்டு வாழ்ந்த மணமாகாதோரும் வேண்டினால் குடியுரிமை உண்டென்றது. 'இடையறாத' என்னும் சொல்லை நோக்குக. ஊரில் தாய் இறந்தாள் என்று வந்தவன், தங்கைக்குத் திருமணம் என்று வந்தவன், திரும்பக் காலம் தாழ்ந்தால் அவன் வாழ்வு இடையறுந்ததாம்! ஏறத்தாழ எட்டேகால் இலக்கம் பேர் வேண்டி நின்றனர். ஏற்கப்பட்டோர் 1,34,000 பேர் அளவிலேயே. எஞ்சியவர்களை இலங்கை 'இந்தியர்' என்றது. இந்தியாவோ 'எம் குடிமக்கள் அல்லர்' என்றது. நாடற்றோர் என்னும் ஓர் இனம் இவ்வாறு தாளிலே படைக்கப்பட்டது.

இப்படிக் கிடந்த மக்களைத்தான் 1964 அத்தோபர் 30 அன்று இரண்டு தலைமை அமைச்சர்கள் பங்கு போட்டனர். சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால் பகதூர் சாத்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. ஒதுக்கி வைத்ததை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 75,000, 75,000 எனச் சரிபாதியாக்கினர். ஆட்டுச்சந்தையில்கூட விற்பவனும் வாங்குபவனும் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே ஆளையும் பார்க்கவில்லை. அவன் விருப்பையும் கேட்கவில்லை. எண்ணை மட்டும் வகுத்தார்கள்.

அவ்வுடன்படிக்கையின் ஒரு கூறு நெஞ்சில் நிறுத்தத்தக்கது. இந்தியக் குடியுரிமை பெறுவோர் அனுப்பப்படும்வரை தீவில் தங்கக் கட்டணமில்லா நுழைவிசைவு தரப்படும். வேலையில் இருப்போர் அனுப்பப்படும் நாள்வரையோ ஐம்பத்தைந்து அகவை நிரம்பும்வரையோ, எது முந்தியதோ அதுவரை, வேலையில் தொடரலாம். பிற நாட்டார்க்குள்ள ஏந்துகள் எல்லாம் இவர்களுக்கும் உண்டு, ஊருக்குப் பணம் அனுப்புவதைத் தவிர! பிறந்த மண்ணிலேயே ஒருவன் நுழைவிசைவு வாங்கிக்கொண்டு நுழையாமலே தங்கியிருக்கிறான். தங்கலின் நோக்கம் என்ன? முன்னர் உழைப்பு என்று எழுதிய கட்டத்தில் இப்போது 'போவதற்காகத் தங்குதல்' என்று எழுதியாயிற்று. கொழுந்து பறிக்கும் கை தளர்கின்ற ஐம்பத்தைந்தாம் அகவையை எல்லையாக வைத்த அறிவு, அறம் அறிந்ததன்று. கணக்கு மட்டும் அறிந்தது.

வந்தவர்க்கு இங்கே என்ன கிடைத்தது என்பது தனிக்கதை. நீலமலையில் அவர்களுக்கென 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. சிலர் நூற்பாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். பலர் வணிகக்கடன் என்னும் சிறுதொகையோடு, வணிகமே அறியாத கைகளோடு, ஊர் ஊராய் அலைந்தனர். ஆயினும் அவர்கள் குடிமக்கள். அவர்களின் குறை குடிமக்களின் குறை. அதனை வேறொரு நாளிற் பேசலாம். இங்கே பேச வேண்டியது அவர்களின் உடன்பிறந்தாரைப் பற்றி.

1977 வன்முறையில் மலையகத்தினின்று விரட்டப்பட்ட குடும்பங்கள் பல, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு திருத்திக் குடியேறின. 1983-க்குப்பின் போர் அங்கும் துரத்தியது. 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கப்பலுக்குக் காத்திருந்தவர்கள்கூட அங்கேயே சிக்கிக்கொண்டனர். கப்பல் இல்லாத கடலை அம்மக்கள் படகிற் கடந்தனர். ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்த தமிழர்களோடு சேர்ந்து இவர்களும் மண்டபத்துக்கே வந்தனர். 1983 தொடங்கி முப்பது ஆண்டுகளில் இவ்வாறு வந்தவர்கள் மூன்று இலக்கத்துக்கு மேல். திரும்பியவரும் வேற்றுநாடு சென்றவரும் போக, அண்மை ஆண்டுகளின் கணக்குப்படி ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். வெளியே காவல்நிலையத்திற் பதிந்துகொண்டு வாழ்வோரும் பல்லாயிரவர்.

பாட்டனைக் கப்பலேற்றிய முகாமில் பேரன் படகிலிருந்து இறங்கினான். கப்பலில் வந்திருந்தால் குடிமகன். படகில் வந்ததால் சட்டமீறிக் குடியேறியவன்! குருதி ஒன்று, ஊர் ஒன்று, மொழி ஒன்று, வந்துசேர்ந்த கரையும் ஒன்று. ஊர்தி மட்டும் வேறு. இதற்குமேல் ஒரு முறைகேட்டைச் சட்டத்தால் செய்ய முடியுமா?

செய்ய முடிந்தது. உரிய தாளின்றி நுழைந்தவன் பதிவாலும் குடியுரிமை பெற முடியாது, நெடுங்காலம் வாழ்ந்ததாலும் பெற முடியாது என்று 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த 2004 திசம்பருக்குப்பின், பெற்றோருள் ஒருவர் அவ்வாறு நுழைந்தவராயின், இந்நாட்டிற் பிறந்த பிள்ளையும் குடிமகனாகாது. உயிருக்கஞ்சி நள்ளிரவில் படகேறியவன் எந்த அலுவலகத்தில் தாள் வாங்கி வந்திருக்க வேண்டும்? 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1-க்கு முன்வரை இம்மண்ணிற் பிறந்தவர் யார் பிள்ளையாயினும் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். முகாமில் அவ்வாறு பிறந்தவர்க்கும் அவ்வுரிமை உண்டென்பதை நிலைநாட்டவே உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளைவரை செல்லவேண்டியிருந்தது; அவ்வாறு பிறந்த ஒருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-இல் அம்மன்றம் ஆணையிட்ட பிறகே வழி தெரிந்தது.

நாட்டைப் பார்த்துத் தங்கல் இசைவு வழங்கும் முறையின் முழு உருவைக் காணவேண்டுமாயின், இந்திய அரசின் பட்டியலை ஒருமுறை படித்தாற் போதும். நேப்பாளத்தானும் பூட்டானியனும் நுழைவிசைவே இன்றி வந்து தங்கலாம். 1959 முதல் வந்த திபெத்தியர்க்குப் பதிவுச்சான்றும் குடியிருப்பு நிலமும் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆப்கானித்தான், வங்கநாடு, பாக்கித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடியுமுன் வந்த ஆறு சமயத்தார் சட்டமீறியவர் ஆகார். ஐந்தாண்டு வாழ்ந்தால் குடியுரிமையும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்ததைக் கண்டு எவரும் பொருமவேண்டியதில்லை. துன்புற்றவன் எவனாயினும் நிழல் பெறுக. ஆனால் அப்பட்டியலில் இலங்கை இல்லையே, ஏன்? சமயத்தை அளவுகோலாகக் கொண்டாலும் ஈழத்தமிழருள் பெரும்பாலோர் அதனுள் அடங்குவர்; துன்பத்தை அளவுகோலாகக் கொண்டாலும் அடங்குவர்; தங்கிய ஆண்டுகளை எண்ணினால் பட்டியலில் முதலிடமே அவர்களுக்குத்தான். எந்தக் கோலால் அளந்தாலும் உள்ளே வருபவரை வெளியே நிறுத்தக் கோலையே மாற்றுகின்ற வணிகனுக்கு என்ன பெயரோ, அப்பெயரே இவ்வரசுக்கும் உரியது.

அத்திருத்தத்தை மேலவையில் ஆதரித்து வாக்களித்தவர்களுள் அ.இ.அ.தி.மு.க. உறுப்பினரும் உண்டு. வாக்கை அளித்துவிட்டு, ஈழத்தமிழர்க்கு இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்றார்கள். அதனை எதிர்த்து முழங்கிய தி.மு.க.வோ, 2004 முதல் 2013 வரை ஒன்றிய ஆட்சியில் பங்கு பெற்றிருந்தது. அவ்வொன்பது ஆண்டுகளில் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கொடுக்கு முறிக்கப்படவில்லை. 2021-இல் தமிழக அரசு முகாம்களுக்கு 7,469 புதுவீடுகள் அறிவித்தது. 'அகதி' என்னும் சொல்லை நீக்கி 'மறுவாழ்வு முகாம்' என்றும் பெயரிட்டது. வீடு நன்று, பெயரும் நன்று. ஆயினும் பெயர்கூப்பிட்டுத் தலை எண்ணும் வழக்கமுள்ள இடம், பலகையை மாற்றியதனால் ஊராகிவிடுமா? அம்முகாமில் படித்துப் பொறியியல் பட்டம் பெற்றவனுக்கும் அரசுப்பணி இல்லை, கடவுச்சீட்டு இல்லை, வாக்கு இல்லை.

2025 செப்தம்பர் முதல், 1946-ஆம் ஆண்டின் அயலார் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் வந்த விலக்காணையில், 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்மையால் ஒறுக்கப்படமாட்டார் என்று உள்ளது. நாற்பத்திரண்டு ஆண்டுக்குப்பின் கிடைத்த சிறு மூச்சு இது, மறுப்பதற்கில்லை. ஆனால் சிறைக்கஞ்ச வேண்டியதில்லை என்று சொல்வது வேறு, நீ எம் குடி என்று சொல்வது வேறு. இருக்கலாம் என்கிறது ஆணை. உரிமையோடு இருக்கலாம் என்று சொல்லவில்லை.

'இலங்கை இப்போது அமைதியாக இருக்கின்றது. திரும்பிப் போகட்டுமே' என்பார் உளர். மலையகத் தமிழரை நாடற்றோராக்கிய அதே இலங்கை, 1986-இலும் 1988-இலும் 2003-இலும் சட்டங்கள் இயற்றி அந்நிலையைத் தாளளவில் முடித்தது. 1964 முதல் தீவில் வாழ்ந்தார் என்றால் அவரும் அவர்வழி வந்தோரும் குடிமக்களே என்றது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். போரால் இந்தியாவுக்கு ஓடியோரையும் சேர்த்து 2009-இல் அது திருத்தவும் பட்டது. லயத்து வாழ்வு மாறவில்லை என்பது உண்மையே. எனினும், பழியைத் தொடங்கிய நாடே தாளைத் திருத்திக்கொண்டது. 'தாயகம்' என்று அழைத்துக்கொள்ளும் நாடு இன்னும் திருத்தவில்லை! திரும்ப விரும்புவோர் திரும்புக. அதற்குக் கப்பலும் நிலமும் பாதுகாப்பும் கேட்பது அவர்கள் உரிமை. இங்கே பிறந்து, இங்கே படித்து, பெற்றோரை இங்கே புதைத்தவனை எந்த ஊருக்குத் திரும்பச் சொல்வது? பார்த்திராத ஊருக்குப் போவது திரும்புதல் ஆகாது.

இன உணர்வாளருள்ளும் சிலர், இங்கே குடியுரிமை கேட்டால் ஈழமண்ணின்மேல் உள்ள உரிமை நீர்த்துவிடும் என்று தயங்குவர். அத்தயக்கத்தின் நோக்கம் தூயது. அதன் விளைவு கொடிது. ஒரு கொள்கையை உயிரோடு வைத்திருக்க ஓர் இளைஞன் வாழ்நாள் முழுதும் முகாமில் கையெழுத்துப் போடவேண்டுமா? அவ்விலையைக் கொடுப்பவன் அவன். கொள்கையைப் பேசுவோர் வாக்காளர் அட்டையோடு வெளியில் இருக்கின்றனர். போவதா, இருப்பதா என்னும் தேர்வு முகாமில் உள்ளவனுடையது, வேறெவருடையதும் அன்று.

இனி இந்தியாவின் கணக்கையே எடுத்துக்கொள்க. இரண்டு உடன்படிக்கைகளாலும் இந்தியா ஏற்பதாக எழுதிக்கொடுத்த எண் 6,00,000. 1986-இல் முடிந்த பேச்சில் 5,06,000 பேரோடு இந்தியா நின்றுகொண்டது. எஞ்சிய 94,000 பேரை இலங்கையே ஏற்றது. கையெழுத்திட்டுக் கொடுத்த தொகையில் 94,000 பேரைக் குறைத்துக்கொண்ட அரசுக்கு, முகாம்களில் உள்ள மலையகத் தமிழர் எவ்வாறு மிகையாவர்? அவர்களின் மொத்தத் தொகை அக்குறையை நிரப்பவும் போதாது. இந்திய மரபினரான அவர்கள் அறுபத்தைவர் தொடுத்த வழக்கில், அவர்களின் வேண்டுகோளைக் காலவரையறைக்குள் ஆய்ந்து முடிவுசெய்க என்று 2019 சூனில் மதுரைக் கிளை கூறிய பின்னும், அவர்களைப் பொதுவாக ஏற்கும் சட்டம் ஒன்றும் வரவில்லை.

தடை எங்கே இருக்கின்றது? இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, இந்திய மரபினர் ஏழாண்டு இங்கு வாழ்ந்தால் பதிவுசெய்து குடிமக்கள் ஆகலாம் என்கிறது. யார் இந்திய மரபினர்? தாமோ, பெற்றோருள் ஒருவரோ, பிரிவுபடாத இந்தியாவிற் பிறந்திருக்க வேண்டும் என்கிறது விளக்கம். மலையகத்தானின் தந்தையும் தாயும் லயத்திற் பிறந்தவர்கள். இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ பிறந்தவர் பாட்டன். 1948-இல் இலங்கை, பாட்டனும் பூட்டனும் தீவிற் பிறக்கவில்லை என்று தள்ளிற்று. இந்தியா, பாட்டன் பிறந்தது போதாது, தந்தையைக் காட்டு என்று தள்ளுகின்றது. ஒரு நாட்டுக்குப் பாட்டன் குற்றம். மறுநாட்டுக்குத் தந்தை குற்றம். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே விழுந்தது ஒரே குடும்பம்.

தமிழகத்தினின்று மக்களவையில் முப்பத்தொன்பது பேரும் மேலவையில் பதினெண்மரும் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கேட்கவேண்டியவை இரண்டே. 5-ஆம் பிரிவின் விளக்கத்தில் 'பெற்றோர்' என்னும் சொல்லுக்குப்பின் 'பாட்டன், பாட்டி' என்னும் இரு சொற்கள் சேர்க்கப்பட வேண்டும். பதிவுபெற்ற ஈழத்தமிழர் எவரும் 'சட்டமீறிக் குடியேறியவர்' ஆகார் என்னும் ஒருவரி, ஒறுப்பைத் தவிர்க்கும் ஆணையில் அன்று, குடியுரிமைச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் இத்திருத்தத்தைத் தனியுறுப்பினர் முன்வரைவாகவேனும் கொண்டுவருவீர்களா என்று, வாக்கு கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் ஊர்தோறும் கேட்கலாம். மண்டபத்து முகாமில் உள்ளவர்களால் கேட்க முடியாது, அவர்களிடம் வாக்கு கேட்டு எவரும் வருவதில்லை.